புகையில்லா வண்டிகள்



பள்ளியில் வரலாறு கற்பித்த காலத்தில், ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு வீட்டு வேலை கொடுப்பது என் வழக்கம். "நீ எந்த வண்டியில் பள்ளிக்கு வருகிறாய்? உன் தந்தையார் உன் வயதில் எந்த வண்டியில் சென்றார்? உன் பாட்டனார் எதில் சென்றார்? வீட்டிற் கேட்டு எழுதிக்கொண்டு வா" என்பதே அவ்வேலை. மூன்று வரிகளில் அடங்கும் விடைதான். ஆயினும் அம்மூன்று வரிகளுக்குள் ஒரு நகரத்தின் நூற்றாண்டு வரலாறு அடங்கிவிடும். பேருந்து, சைக்கிள், ஜட்கா, டிராம் என்று பிள்ளைகள் எழுதி வருவார்கள். ஓராண்டு ஒரு சிறுமி இவ்வாறு எழுதியிருந்தாள்: "என் தாத்தா எந்த வண்டியிலும் ஏறியதில்லை. அவர் வண்டியை இழுத்தார்."

அவளுடைய தாத்தா கை ரிக்ஷாத் தொழிலாளி. அவ்விடைக்கு அன்று முழு மதிப்பெண் இட்டேன். ஆனால் அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது ஓய்வு பெற்ற பின்னரேயாகும்.

இப்போது எங்கும் 'சுற்றுச்சூழலுக்கு இசைந்த பயணம்' என்ற பேச்சு அடிபடுகிறது. காற்றையும் நீரையும் கெடுக்காமல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வது எவ்வாறு என்பதே இப்பேச்சின் சாரம். இதனைப் புத்தம் புதிய கருத்தென்று பலர் எண்ணுகின்றனர். சென்னைப் பட்டினத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு இது புதியதன்று. இக்கடற்கரை நகரம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியில், பெட்ரோல் புகை இன்னதென்று அறியாமலே பயணம் செய்தது. அந்தப் புகையில்லா வண்டிகளின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் அச்சிறுமியின் விடையை ஓரமாக வைத்துவிட்டு அக்கதையைச் சொல்ல இயலாது.

கதை கடலிலே தொடங்குகிறது. ஆங்கிலேயக் கம்பெனியார் 1639-ஆம் ஆண்டில் இம்மணற்கரையில் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியபோது இங்குத் துறைமுகம் இல்லை. அதற்குப் பின்னரும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் துறைமுகம் இல்லை. பாய்மரக் கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே மனிதரையும் மூட்டைகளையும் கொண்டுவந்தவை மசூலாப் படகுகளும் கட்டுமரங்களுமே. மசூலாப் படகில் ஆணி இராது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து இணைத்திருப்பார்கள். சென்னையின் முரட்டு அலை மோதும்போது ஆணி அறைந்த படகு பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். மரமும் கயிறும் மனிதக் கையும் அன்றி அதில் வேறொன்றும் இல்லை. நம் மீனவரின் கட்டுமரம் என்ற சொல்லே ஆங்கிலத்தில் 'கட்டமரன்' ஆகி இன்று உலகெங்கும் வழங்குகிறது. காற்றுக்கும் நீருக்கும் தீங்கு செய்யாத கலங்கள் அவை. ஆனால் அலையோடு மல்லாடித் துடுப்புத் தள்ளியவனும், கரை நெருங்கியதும் துரைமாரைத் தோளில் ஏற்றி ஈரமின்றி மணலில் இறக்கியவனும் நம் கடற்கரைத் தொழிலாளியே. கரைக்கு வந்த துரை அடுத்து ஏறியது பல்லக்கு. அதுவும் மனிதத் தோளின்மீதுதான்.

இனிக் கால்வாய்க்கு வருவோம். 1806-ஆம் ஆண்டில் பாசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர், சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரையில் உப்பு நீர்க் கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கினார். அதன் நீளம் 11 மைல். பின்னர் அது பழவேற்காடு ஏரியை எட்டியது. அதற்கும் அப்பால் கிருஷ்ணை ஆற்றுக் கால்வாய்களோடு இணைந்தது. தெற்கே மரக்காணம் வரையில் நீண்டது. பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரையில் அதன் நீளம் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். இதுவே நாம் பக்கிங்காம் கால்வாய் என்று அறிவது.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி மட்டும் நெடுங்காலம் வெட்டப்படாமல் இருந்தது. அது எப்போது வெட்டப்பட்டது தெரியுமா? 1876-இல் தொடங்கி 1878 வரையில் தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது. பசித்து வந்த மக்களுக்குச் சும்மா சோறிடக் கூடாதென்று எண்ணிய அரசாங்கம், வேலை கொடுத்துக் கூலி கொடுத்தது. 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிவாரண வேலைகளுக்கு வகுக்கப்பட்ட கூலி, வயது வந்த ஆடவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமே. இது உயிர் தாங்கப் போதாது என்று மருத்துவ அதிகாரிகளே வாதாடிய பின்னர் அது உயர்த்தப்பட்டது. இத்தகைய காலத்தில், பஞ்சத்தில் அடிபட்டவர் மண் சுமந்து தோண்டியதே நகரின் நடுவே செல்லும் அந்த ஐந்து மைல் நீர்வழி. வேலை முடிந்ததும் கால்வாய்க்குச் சூட்டப்பட்ட பெயரோ அக்காலத்துக் கவர்னராகிய பக்கிங்காம் பிரபுவின் பெயர்.

அக்கால்வாய் இந்நகருக்குச் செய்த தொண்டு சிறிதன்று. வடக்கேயிருந்து விறகும் நெல்லும் உப்பும் அதன் வழியே வந்தன. சென்னையின் அடுப்புகள் பல அப்படகு விறகில் எரிந்தவை. பாவேந்தர் பாரதிதாசனார் நண்பர்களோடு இக்கால்வாய் வழியே படகேறி மாமல்லபுரம் சென்றதை 'மாவலிபுரச் செலவு' என்ற பெயரில் பாடியிருக்கிறார். நான் சிறுவனாக இருந்த 1960-களில் படகுப் போக்குவரத்து தளர்ந்துவிட்டது. ஆயினும் விறகுப் படகுகளை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் நீண்ட கழி ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் போதாதபோது கரையில் இறங்கி, தோளில் கயிறு மாட்டி, உடல் முன்னே சாய இழுத்துக்கொண்டு நடப்பார்கள். படகு ஓசையின்றி நழுவி வரும். இழுப்பவரின் மூச்சு மட்டும் பாலத்தின் மேல் நின்ற எனக்குக் கேட்கும்.

கால்வாய் நீரின் கதை இவ்வாறிருக்க, தரையில் ஒரு பெரும் புதுமை தோன்றியது. 1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் சென்னைத் தெருவில் மின்சார டிராம் ஓடியது. இந்தியாவிலேயே மின்சார டிராமை முதலில் கண்ட நகரம் சென்னை என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? கல்கத்தாவில் அது ஓடியது 1902-இல், பம்பாயில் 1907-இல். தொடக்கத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே பூமிக்குள் அமைத்த பள்ளத்திலிருந்து மின்சாரத்தைப் பெற்றார்கள். மழைக் காலத்தில் அம்முறை தொல்லை தந்தது. பின்னர் தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். 1920-களில் ஏறக்குறைய 24 கிலோமீட்டர் நீளத்திற்கு டிராம் பாதை இருந்தது.

நான் டிராமில் ஏறியவனல்லன். நான் பிறப்பதற்கு முன்னரே அது நின்றுவிட்டது. என் பாட்டியார் அதைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "ஆளும் இழுக்க வேண்டாம், மாடும் இழுக்க வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும், பாவமே இல்லாத வண்டி" என்பார். படிப்பில்லாத அம்மூதாட்டி சொன்ன அச்சொல்லைவிடச் சிறந்த பாராட்டு அவ்வண்டிக்கு இருக்க முடியாது. தெருவில் புகை இல்லை. அதே வேளையில் மனிதன் மனிதனைச் சுமக்கவும் இல்லை. இவ்விரண்டும் டிராமில் ஒருங்கே அமைந்திருந்தன.

அத்தகைய வண்டியை நாம் ஏன் இழந்தோம்? நடத்திய கம்பெனி நட்டத்தில் மூழ்கியது. பேருந்துகளின் போட்டி பெருகியது. 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டிராம் நின்றது, தொழிலாளர் வேலை இழந்தனர், தண்டவாளங்கள் மறைந்தன. கம்பெனியின் வரவு செலவுக் கணக்கில் நட்டம் தெரிந்தது. தெருவின் காற்றுக்கும் ஏழையின் நடைக்கும் அவ்வண்டி ஈட்டித் தந்த இலாபத்தை எழுதிவைக்க அக்கணக்கில் பத்தி ஒன்றும் இல்லை. பழமையென்று எறிந்த அதனை ஐரோப்பிய நகரங்கள் பல பின்னாளில் புதுமையென்று மீண்டும் கொண்டாடி அமைத்துக்கொண்டதை நாம் கண்டோம்.

நல்லவேளையாக, டிராமின் தங்கை ஒருத்தி பிழைத்துக்கொண்டாள். 1931-ஆம் ஆண்டில் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சைதாப்பேட்டையும் பல்லாவரமும் நகரத்தோடு ஒட்டிக்கொண்டன. நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களில் அந்த மீட்டர் கேஜ் ரயிலில்தான் சென்று வந்தேன். பூக்கூடைக்காரியும் கல்லூரி மாணவனும் அலுவலக எழுத்தரும் தோளோடு தோள் இடித்து நிற்பார்கள். பாதை அகலமாக்கப்பட்டு, 2004-ஆம் ஆண்டில் பழைய மீட்டர் கேஜ் ரயில் விடைபெற்றது. ஆனால் வழித்தடம் வாழ்கிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரின் காற்றுக்கு அது செய்துவரும் உதவிக்கு எவரும் விழா எடுத்ததில்லை.

இனி அச்சிறுமியின் தாத்தாவிடம் வருவோம். ரிக்ஷா என்பது ஜப்பானியச் சொல்லின் திரிபு. அதன் மூலச் சொல்லுக்கு 'மனித வலிமை வண்டி' என்று பொருள். பெயரிலேயே உண்மை இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். சித்திரை மாதத்து நண்பகல். பாட்டியாரோடு எழும்பூர் நிலையத்தில் இறங்கி, திருவல்லிக்கேணிக்கு எட்டணா பேசிக் கை ரிக்ஷாவில் ஏறினேன். இழுத்தவர் என் தந்தையாரைவிட வயதானவர். காலில் செருப்பில்லை. தார்ச் சாலை உருகிப் பளபளத்தது. பாலத்தின் ஏற்றத்தில் அவர் நடை தளர்ந்தது. பாட்டியார் என்னைப் பார்த்து, "இறங்கி நட, ராஜா" என்றார். நான் இறங்கவில்லை. உயரத்தில் அமர்ந்து ஊர் பார்க்கும் இன்பம் எனக்குப் பெரிதாக இருந்தது. பாட்டியாரே இறங்கி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னே நடந்து வந்தார். அறுபது ஆண்டுகளை எட்டப்போகும் அந்நிகழ்ச்சியை எண்ணினால் இன்றும் எனக்கு நாணமாக இருக்கிறது.

1973-ஆம் ஆண்டில் முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி தலைமையிலான அரசு கை ரிக்ஷாவை ஒழித்தது. இழுத்தவர்களுக்கு மாற்றாகச் சைக்கிள் ரிக்ஷாக்கள் வழங்கப்பட்டன. கை ரிக்ஷா ஒரு துளி எண்ணெய் குடிக்காத வண்டி. இம்மியும் புகை விடாத வண்டி. இன்றைய அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால் அதற்குப் பரிசே கொடுக்க வேண்டும்! ஆயினும் அது ஒழிந்ததற்கு மனச்சான்றுள்ள எவரும் வருந்தவில்லை. ஏன்? காற்றைக் கெடுக்காமை ஒன்றே நல்ல வண்டிக்கு இலக்கணம் ஆகாது என்பதனால்தான்.

தன் காலால் தானே மிதித்துச் செல்லும் சைக்கிள், அன்றும் இன்றும் இக்குற்றம் இல்லாதது. அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தொழிற்சாலை தமிழ்நாட்டுத் தெருக்களைச் சைக்கிள்களால் நிரப்பியது. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குச் சைக்கிள் எடுத்து ஓட்டக் கற்றவர்கள் என் தலைமுறையினர். விளக்கில்லாமல் ஓட்டினாலும், இருவர் ஏறிச் சென்றாலும், போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார். அந்த அச்சத்திலும் ஒரு மதிப்பு இருந்தது. சைக்கிளும் சாலைக்கு உரிய வண்டி என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்டிருந்தது. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. சாலைகள் அகன்றன, நடைபாதைகள் சுருங்கின. சைக்கிள்காரன் ஓரத்திற்குத் தள்ளப்பட்டான். நடப்பவனோ சாக்கடை மூடியின்மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டியவனானான்.

கால்வாய்க்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 1960-களிலும் 1970-களிலும் வீசிய புயல்கள் அதனைச் சிதைத்தன. தூர் எடுப்பார் இல்லை. நகரம் தன் கழிவையெல்லாம் அதில் திருப்பிவிட்டது. பிறகு பறக்கும் ரயிலுக்கு இடம் தேடியபோது, அந்நீர்வழியே எளிதாகக் கிடைத்த நிலமாயிற்று. 1995-ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் மயிலாப்பூர் வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் பறக்கும் ரயில் நீண்டது. புகையில்லா ரயில்தான், அதனை நான் வரவேற்கிறேன். ஆனால் அதன் தூண்கள் பல இடங்களில் கால்வாயின் படுகையிலேயே ஊன்றப்பட்டன. ஒரு நல்ல வழியை நசுக்கி, அதன்மேல் மற்றொரு நல்ல வழியைக் கட்டினோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, கரையோரத்தில் பல இடங்களில் சீறி வந்த நீரைத் தன்னுள் வாங்கி ஊர்களைக் காத்தது இந்தக் கைவிடப்பட்ட கால்வாய்தான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 2008-ஆம் ஆண்டில் அது தேசிய நீர்வழி எண் 4-இன் ஒரு பகுதியென்று சட்டத்தில் எழுதப்பட்டது. ஏட்டில் நீர்வழி, நகருக்குள்ளோ அது இன்றும் சாக்கடையாகவே கிடக்கிறது.

இத்தனை இழப்பிற்குப் பின் நகரம் மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. 2014-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கேனும் நடப்போர்க்கும் சைக்கிளோட்டிகளுக்கும் என்று குறித்தது. 2015-இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 2019-இல் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் நடப்பவர்க்கென அகன்ற பாதை திறக்கப்பட்டது. 2025-இல் மின்சாரப் பேருந்துகள் வந்தன. 1895-இல் நாட்டுக்கே வழிகாட்டிய நகரம், இடையில் தவறவிட்டதைப் பெரும்பொருள் செலவிட்டுத் திரும்பப் பெறுகிறது.

மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் ஆசிரியன் புத்தி, விடைத்தாளின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்க்கச் சொல்கிறது. இவ்வண்டிகள் உண்ணும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அதில் ஒரு பகுதி நிலக்கரியை எரித்து ஆக்கப்படுவது. எண்ணூரில் 1970-ஆம் ஆண்டில் தொடங்கிய அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆனால் அருகே அத்திப்பட்டில் வேறு அனல் நிலையங்கள் இயங்குகின்றன. அவற்றின் சாம்பல் கொசத்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து, மீனவரின் வலைக்கு மீனில்லாமற் செய்திருக்கிறது. காக்ரேன் வெட்டிய முதற் கால்வாய் சென்று சேர்ந்த அதே எண்ணூர்! நம் தெருவில் புகை இல்லை என்று நாம் மகிழும்போது, அப்புகை மற்றொருவர் முற்றத்திற்குக் குடிபெயர்ந்திருக்கக் கூடும். அன்று மசூலாப் படகில் துடுப்புத் தள்ளியவர்களும் இன்று சாம்பல் நீரில் வலை வீசுபவர்களும் ஒரே கடற்கரை மக்கள்தாம்.

எனவே பழங்காலமே பொற்காலம் என்று கூற நான் இவ்வுரையை எடுத்துக்கொள்ளவில்லை. பழங்காலத்தின் தூய காற்றுக்கு விலை கொடுத்தவர்கள் பல்லக்குத் தூக்கிகளும் படகு இழுத்தவர்களும் ரிக்ஷாக்காரர்களும். அவர்களுடைய பெயர் எந்தக் கால்வாய்க்கும் சூட்டப்படவில்லை. புதிய வண்டி எதுவாயினும் அதனிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒன்று: நீ எந்தக் காற்றை, எந்த நீரைக் கெடுக்கிறாய்? மற்றொன்று: உன் சுமை யாருடைய தோளில் இருக்கிறது? முதற் கேள்வியை இன்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியை என்னிடம் கேட்டவள் ஏழாம் வகுப்பு மாணவி.

நேயர்களே, நாளைக் காலையில் உங்கள் வீட்டுப் பிள்ளையோடு சிறிது தூரம் நடந்து செல்லுங்கள். அருகில் கால்வாய் இருந்தால் பாலத்தின்மேல் நின்று, இது யார் தோண்டியது என்று சொல்லுங்கள். டிராம் ஓடிய தெரு என்றால் அதையும் சொல்லுங்கள். என் பாட்டியார் 'பாவமே இல்லாத வண்டி' என்றாரே, அப்படிப்பட்ட வண்டியை ஆக்கித் தர வேண்டிய பொறியாளன் அப்பிள்ளைகளுள் ஒருவனாக இருக்கலாம், ஒருத்தியாகவும் இருக்கலாம்.